வாய்க்கால் பாலத்தில் நான்கு நிமிடம்

என் இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணல். வளையல் போட்டால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பிறவியிலேயே இப்படியா என்று கேட்பார்கள். இல்லை, ஒரு பஸ் டிரைவர் செய்து கொடுத்தது என்பேன். அவனை நான் சும்மா விடவில்லை என்பதையும் கூடவே சொல்வேன். ஐந்து வருஷம் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாயிரத்து ஆறு. எங்கள் வீடு கடலூர் முதுநகரில், ஓ.டி. என்றுதான் நாங்கள் சொல்வது. தட்டச்சுப் பள்ளி திருப்பாதிரிப்புலியூரில், பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மாதிரி ஒரு மாடியில் இருந்தது. காலை ஏழு மணி வகுப்பு. ஆறரைக்குச் சைக்கிளை எடுத்தால்தான் மாஸ்டர் முறைப்பதற்குள் போய்ச் சேரலாம். ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல், ஹையர் எழுதின பெண்ணாகப் பார்த்து அனுப்புங்கள் என்று மாஸ்டரிடம் கேட்டிருந்தார். மாஸ்டர் என்னைச் சொல்லி வைத்திருந்தார். பரீட்சை எழுதின மறுநாளே வந்து உட்காரலாம், ரிசல்ட் வருகிறபோது வரட்டும் என்று வக்கீலும் சொல்லிவிட்டார். பி.ஏ. முடித்துவிட்டு மூன்று வருஷம் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாற்காலி, ஒரு மெஷின், மேலே ஓடுகிற ஒரு ஃபேன். நான் அந்த ஃபேனைக்கூடக் கனவில் பார்த்திருக்கிறேன்.

சாலையோ ஒன்றே ஒன்றுதான். சிதம்பரத்திலிருந்து வருகிற பஸ்ஸும், குடிகாட்டுப் பக்கம் கம்பெனிகளுக்குப் போகிற லாரியும், துறைமுகத்திலிருந்து மீன் கூடை சுமந்து வருகிற பெண்களும், என்னைப் போன்ற சைக்கிள்களும் அதில்தான் போக வேண்டும். ஓரத்தில் ஒரு முழம் மண் தரை. அதற்குத்தான் அத்தனை சண்டையும். நடக்கிறவர்களை நான் பெல் அடித்து விரட்டுவேன். என்னை மோட்டார் சைக்கிள்காரன் விரட்டுவான். எல்லாரையும் பஸ்காரன் விரட்டுவான்.

பஸ்களில் ஒன்றை மட்டும் எல்லாருக்கும் தெரியும். பின்பக்கம் இரண்டு பச்சைக் கிளிகள் மூக்கோடு மூக்கு உரசுவதுபோல வரைந்திருப்பார்கள். கிளி பஸ் என்றே பெயர். சிதம்பரத்து முதலாளி ஒருவரின் தனியார் வண்டி. அதன் ஏர் ஹார்ன் ஒரு பாட்டின் பாதியை அலறும். முதுகுக்குப் பின்னால் அது அலறினால் பூமி ஒரு குலுக்குக் குலுக்கும். அதற்குப் பத்து நிமிஷம் பின்னால் இன்னொரு முதலாளியின் வண்டி வரும். கிளி பஸ் தாமதித்தால் வழியில் நிற்கிற கூட்டத்தை அது அள்ளிக்கொள்ளும். அதனால் கிளி பஸ் எதற்கும் பிரேக் போடாது.

பரீட்சைக்கு எட்டு நாள் இருந்தது. நான் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஹார்ன் அலறியது. இன்னும் ஓரம் போனேன். போக இடமில்லை, முன்னால் ஒரு மீன்காரம்மா கூடையோடு நடக்கிறாள். பஸ்ஸின் உடம்பு என் ஹேண்டில்பாரை லேசாகத் தொட்டது. அந்த லேசு போதும். நான் பள்ளத்தில் கிடந்தேன். கை எனக்கு அடியில் மடங்கியிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு கிளிகள் கொஞ்சிக்கொண்டே போயின. ஓட்டினவன் முகத்தை நான் பார்க்கவில்லை. சைக்கிளில் போகிறவர்களுக்கு டிரைவர் முகம் தெரிய வழியில்லை, எல்லாம் முதுகுப் பக்கம்தான்.

அந்த மீன்காரம்மாதான் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தூக்கினாள். நான் அழுத அழுகையில் சாலையே திரும்பிப் பார்த்தது.

"எம்மா, கத்தாத. நேத்து நீ என் கூடையில இடிச்சிட்டுப் போனியே, நான் இப்புடியா கத்துனேன்?" என்றாள். சொல்லிக்கொண்டே தன் முந்தானையைக் கிழித்து என் கையைக் கழுத்தோடு கட்டிவிட்டாள்.

மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்தேன். பரீட்சை நாள் வந்தது, போனது. பள்ளியில் என் பக்கத்து மெஷினில் அடிக்கிற பெண் எழுதினாள். மறுவாரம் அவளே வீட்டுக்கு வந்து, "அக்கா, மாஸ்டர் என்னை வக்கீல் ஆபீஸுக்குப் போகச் சொல்லிட்டாரு. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்றேன். அவள் தெரு திரும்புகிறவரை சிரித்துக்கொண்டே நின்றேன். பிறகு உள்ளே போய், மாவுக்கட்டைச் சுவரில் இடித்தேன். வலித்தது. அந்த வலி நன்றாக இருந்தது.

என் தாய்மாமா சும்மா இருக்கவில்லை. சிதம்பரம் போய் முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தார். "மொதலாளி நல்ல மாதிரியாத்தான் பேசுனாரு. அந்த டிரைவரை நிறுத்திட்டேன்னு சொல்றாரு" என்றார்.

"அவுங்க அப்புடித்தான் சொல்லுவாங்க மாமா. காலைல ரோட்டுல வந்து நில்லுங்க, அதே கிளி பஸ்ஸு அதே டைமுக்குப் பறக்கும்."

மாமா போய் நிற்கவும் செய்தார். கிளி பஸ் அதே டைமுக்கு வந்தது. பார்த்தீர்களா என்றேன். நான் சொன்னதுதான் நடந்தது என்று எனக்கு ஒரே பெருமை. முதலாளி பொய்யன், டிரைவர் கொழுத்தவன், மாமா ஏமாளி. மூன்று பேரையும் ஒரே மூச்சில் முடிவு கட்டிவிட்டேன்.

கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு கோணலாக இருந்தது. அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம். மறுபடி ஏழு மணி வகுப்பு, மறுபடி அதே சாலை. இந்த முறை நான் பாடம் படிக்க மட்டும் போகவில்லை.

எங்கள் தெருவில் பொங்கலுக்குப் பொங்கல் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். உறியடி, கோலம், மியூசிக்கல் சேர், அப்புறம் ஸ்லோ சைக்கிள் ரேஸ். யார் கடைசியாக வருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. காலைத் தரையில் ஊன்றினால் அவுட். ஆண்களும் பெண்களும் கலந்து ஓட்டுகிற ஒரே போட்டி அதுதான். நான் தொடர்ந்து நான்கு பொங்கலுக்கு ஜெயித்தவள். எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிக்கிற எவர்சில்வர் குடம், மோர் ஊற்றுகிற தூக்கு, எல்லாம் நான் மெதுவாகப் போய்ச் சம்பாதித்தவை. நான்காம் வருஷம் ஓர் இளைஞன், பொம்பளைங்களுக்கு வேற ரேஸ் வைங்கப்பா என்று கத்திவிட்டுப் போனான்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிரேக்கைப் பாதி பிடித்தபடியே மிதியை அழுத்த வேண்டும். ஹேண்டிலை ஒடித்து ஒடித்து நேராக்க வேண்டும். சக்கரத்தைப் பார்க்கவே கூடாது; தூரத்தில் ஏதாவது ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். முக்கியமானது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கழுத்தைத் திருப்பினால் உடம்பு திரும்பும், உடம்பு திரும்பினால் கால் ஊன்றிவிடும்.

அப்போது ஓ.டி.யைத் தாண்டி வருகிற வாய்க்கால் பாலத்தை அகலப்படுத்துகிறோம் என்று ஒரு பாதியை உடைத்துப் போட்டிருந்தார்கள். தார் டிரம்மும் மணல் மூட்டையும் அடுக்கி, அறுபது எழுபது அடி தூரத்துக்கு ஒரே ஒரு வண்டி போகிற வழி. இந்தப் பக்கம் வருகிறது முடிந்தால்தான் அந்தப் பக்கம் நிற்கிறது வரலாம். பஸ் அதற்குள் நுழைந்துவிட்டால் முன்னால் போகிறவர்களைத் தாண்ட முடியாது. அதைக் கண்ட அன்று எனக்குச் சாமி வந்ததுபோல உடம்பு சிலிர்த்தது.

ஒரு திங்கட்கிழமை தொடங்கினேன். பாலத்துக்கு முன்னால் ஒரு புளியமரம். அதன் கீழே நின்றேன். கிளி பஸ் தலை தெரிந்ததும் சைக்கிளில் ஏறி, அது நுழைவதற்கு இரண்டு வண்டி நீளம் முன்னால் நான் பாலத்துக்குள் நுழைந்தேன். பிறகு பொங்கல் ரேஸ் ஓட்டினேன்.

பின்னால் எஞ்சின் உறுமியது. பிரேக் கிறீச்சிட்டது. நான் அந்தக் கரையில் இருந்த ஒரு டீக்கடைப் பலகையைப் புள்ளியாக வைத்துக்கொண்டேன். ஹார்ன் அலறும், அலறட்டும், இன்று காது கிழிந்தாலும் ஓரம் போவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஹார்ன் அலறவில்லை. சின்னதாக ஒரு 'பீப்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'பீப்'. பிறகு ஒரு குரல், ஜன்னல் வழியாக, "எம்மா, கொஞ்சம் சீக்கிரம் போம்மா" என்றது. அந்தக் குரலில் கோபமே இல்லை.

பயந்துவிட்டான் என்று நினைத்தேன். முதலாளி காதைப் பிடித்துத் திருகியிருப்பான், அதனால்தான் இந்த அடக்கம். அடக்கமா இருக்கிறாய்? இரு, உனக்குத் தண்ணி காட்டுகிறேன். அந்த எழுபது அடியைக் கடக்க அன்று எனக்கு நான்கு நிமிஷம் ஆயிற்று. பாலம் முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பவள்போல ஒதுங்கி நின்றேன். பஸ் கடந்து போயிற்று. கிளிகளைப் பார்த்துச் சிரித்தேன்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பஸ்ஸுக்குள் இருந்து வசவுகள் வரும். குடிகாட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் தூங்கி வழிகிற நேரம், "ஏய், என்னா பொறுக்கித்தனம் பண்ணிக்கிட்டு இருக்க?" என்று ஒருவர் கத்தினார். எதிர்க்கரையில் காத்து நின்ற பால்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மீன்காரம்மா டிரம்களை ஒட்டி ஓரமாக நடந்து என்னைத் தாண்டிப் போவாள். "ரெண்டு கூடை செமந்துக்கிட்டு நான் நடந்து போறேன், நீ சைக்கிள்ல எனக்குப் பின்னாடி வர்ற. இன்னாத்துக்குடி உனக்கு சைக்கிளு?" என்று சிரிப்பாள். நான் உதட்டை அசைக்காமல், "வேலையா இருக்கேன் ஆயா" என்பேன்.

இரண்டாம் வாரம் கண்டக்டர் இறங்கி என் பக்கத்தில் நடந்தே வந்தார். மெலிந்த மனிதர், கக்கத்தில் தோல் பை.

"ஏம்மா, தெனமும் எங்க வண்டிக்குன்னே வர்றியா? டைம் போவுதும்மா. கொஞ்சம் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போயேன். பாவம் டிரைவரு, அவுரு வேலைக்கே ஆபத்தாயிடும்."

"ஆவட்டும். அன்னிக்கு அவுருக்கு அவசரம். இன்னிக்கு எனக்கு அவசரமில்ல. போய் அவுருகிட்ட சொல்லுங்க."

"என்னிக்கும்மா? அவுரு என்னா பண்ணாரு உன்னை?"

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். என் கையைக் காட்டி, இதோ இதைத்தான் பண்ணினார் என்றிருக்கலாம். சொல்லியிருந்தால் கண்டக்டர் அந்த இடத்திலேயே விஷயத்தை உடைத்திருப்பார். ஆனால் நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் கால் ஊன்றிவிடும். "அவுருக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு நடந்தார். ஆணாக இருந்தால் சைக்கிளோடு தூக்கி ஓரம் வைத்திருப்பார். பெண்பிள்ளையைத் தொட முடியாது. அதை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

பழி வாங்குவதில் எனக்குப் பிடித்த பாகம் அதற்கு அப்புறம் வரும். வழி நெடுக நின்று நின்று ஆள் ஏற்றிப் போகிற பஸ்ஸுக்கு ஈடாக நானும் மிதித்துப் போய்ச் சேர்ந்துவிடுவேன். தட்டச்சுப் பள்ளியின் ஜன்னலோரம் என் மெஷினை மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தேன். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு தெரியும். ஒவ்வொரு வண்டிக்கும் புறப்படுகிற நேரம் என்று ஒன்று உண்டு; நேரம் வந்ததும் டைம் கீப்பர் விசில் ஊதுவார், ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எடுத்தாக வேண்டும். கிளி பஸ்ஸுக்கு அங்கே நின்று ஆள் ஏற்ற எட்டு நிமிஷம். அதில் நான்கைப் பாலத்திலேயே நான் தின்றுவிட்டேன். பாதி காலியாகவே பஸ் புறப்படும். கண்டக்டர் டைம் கீப்பரிடம் கெஞ்சுவது தெரியும். டிரைவரின் முகம் மேலே இருந்து தெரியாது. ஜன்னலில் ஊன்றிய ஒரு காக்கி முழங்கை மட்டும் தெரியும். அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டே அடிப்பேன். அந்த மாதம் என் வேகம் கூடியிருக்கிறது என்று மாஸ்டர் மெச்சினார்.

நான்காம் வாரத்தில் ஒரு நாள், பாலத்தில் பின்னால் எஞ்சின் சத்தம் நின்றுபோனது. வண்டியை அணைத்துவிட்டான். என்னடா இது என்று இருந்தது. சைக்கிள் சக்கரத்தின் சத்தம்கூட எனக்குக் கேட்டது. அந்தக் குரல், முன்பைவிடத் தாழ்ந்து, "நீ போம்மா. மெதுவாவே போ. நீ போனப்புறம் எடுத்துக்கறேன்" என்றது.

கிண்டல் செய்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, புளியமரத்தடியில் நிற்கும்போதே கேட்டது. பாட்டின் பாதி. அந்த ஏர் ஹார்ன் தூரத்திலிருந்தே அலறிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகக் கேட்காத சத்தம். எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பழையவனைத் துரத்திவிட்டார்கள்! புதிதாக ஒருவன் வந்திருக்கிறான், வந்த ஜோரில் ஹார்ன் அடிக்கிறான். வேலை முடிந்தது. அன்று நான் பாலத்துக்குள் நுழையவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மரத்தடியிலேயே நின்று, பஸ் புழுதியை என் மேல் வாரி இறைத்துவிட்டுப் போவதைச் சந்தோஷமாகப் பார்த்தேன்.

சாயங்காலம் அரைக்கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று அம்மா கேட்டாள். ஒருத்தன் வேலை போயிடுச்சும்மா என்றேன். அம்மா ஜிலேபியை வாயில் வைக்காமல் என்னைப் பார்த்தாள். நான் நான்கு தின்றேன்.

ஹையர் அந்த வருஷமே பாஸ் செய்தேன். ஆனால் மெஷின்கள் எல்லாம் மூலைக்குப் போய்க் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. அதையும் படித்து, இரண்டு மூன்று இடத்தில் ஒட்டாமல் ஒட்டி, கடைசியில் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். தினம் பஸ்ஸில் போய்வருவது. கிளி பஸ்ஸில் மட்டும் ஏறுவதில்லை என்று ஒரு வைராக்கியம். நின்றுகொண்டு போனாலும் போவேன், அதில் உட்கார்ந்து போக மாட்டேன். கூட வருகிற டீச்சர்களிடம் மணிக்கட்டைக் காட்டி, பாலத்துக் கதையைச் சொல்வேன். என் கதையைக் கேட்டு அவர்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

தானே புயல் அடித்த வருஷம், புயலுக்குச் சில மாதம் முன்பு, ஒரு நாள் காலை நல்ல மழை. வேறு பஸ் இல்லை. பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். கிளி பஸ் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். முன்னால் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டுதான் காலி. டிரைவர் ஐம்பது வயதிருக்கும், நல்ல சிவப்பு, காதோரம் நரை, சிரித்த முகம். நான் துரத்தியவனின் இடத்தில் வந்த ஆள் என்று அவரை ஒருவிதப் பிரியத்தோடுகூடப் பார்த்தேன். எஞ்சின் பெட்டி மேல் வேறொரு வண்டியின் இளம் டிரைவர் ஒருவர் டூட்டி முடிந்து, ஓசிப் பயணத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆலப்பாக்கம் தாண்டிச் சாலை நடுவில் ஒரு பெரியவர் சைக்கிளில் குடையோடு போனார். ஹார்ன் பாட்டின் பாதியை அலறியது. பெரியவர் ஆடி ஆடிச் சேற்றில் இறங்கினார்.

"பாத்து மாமா, உழுந்துடப் போறாரு" என்றார் இளம் டிரைவர்.

"சைக்கிள்காரங்களை நான் திட்ட மாட்டேன் மச்சான்" என்று சிரித்தார் டிரைவர். "இந்த சீட்டை எனக்கு வாங்கிக் குடுத்ததே ஒரு சைக்கிளுதான்."

"என்னா மாமா சொல்ற?"

"அஞ்சாறு வருசம் ஆவுது. எவளோ ஒரு பொண்ணு ஓ.டி.கிட்ட வண்டில பட்டு உழுந்துட்டா. அவுங்க ஊட்டு ஆளு மொதலாளிகிட்ட வந்து அழுதாரு. மொதலாளி ஒடனே என்னைத் தூக்கிட்டு ஒரு ஆக்டிங் டிரைவரைப் போட்டுட்டாரு. மூணு மாசம் ஊட்ல மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். போட்ட ஆளு தங்கமான ஆளு. ஹார்னு அடிக்க மாட்டான், கெட்ட வார்த்தை பேச மாட்டான். இவரையே பர்மனென்ட் பண்ணிடலாம்னு மொதலாளி முடிவே பண்ணிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறந்தான் அந்த மகராசி வந்தா. யாரு பெத்த புள்ளையோ. தெனம் காலைல வாய்க்கால் பாலத்துல நம்ம வண்டிக்கு முன்னாடி வந்து ஆமை மாதிரி சைக்கிள் ஓட்டுவாளாம். தெனம் நாலு நிமிசம் லேட்டு. பாவம், அந்த ஆளுக்கு அவளை வெரட்டத் தெரியல. கலெக்‌ஷன் படுத்துடுச்சு. டைம் எடுக்கத் தெரியாத ஆளை வெச்சு நான் என்னா பண்றதுன்னு மொதலாளி அவனை அனுப்பிட்டு எனக்கு ஆள் உட்டாரு. நானா இருந்தா ஹார்ன்லயே அவளைத் தூக்கி வாய்க்கால்ல போட்டிருப்பேன். ஆனா எனக்கு அவ தெய்வம் மச்சான். அவ யாருன்னு தெரிஞ்சா கால்ல உழுந்து கும்புடுவேன்."

மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. வைப்பர் போய் வந்து போய் வந்து கொண்டிருந்தது. என் தாய்மாமா பொய் சொல்லவில்லை. முதலாளி பொய் சொல்லவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டிய நியாயம் நான் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தபோதே கிடைத்துவிட்டது. அதைத் தெருவில் இறங்கி, நாளுக்கு நான்கு நிமிஷமாக நானே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ஜிலேபி தின்று கொண்டாடியும் இருக்கிறேன்.

"அந்த ஆக்டிங் டிரைவர் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அவனாம்மா? நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டறதா சொன்னாங்க. அவனுக்கு அப்புறம் பஸ்ஸுல யாரும் சீட்டு குடுக்கல. டைம் எடுக்க மாட்டான்னு பேராயிடுச்சுல்ல."

"அந்தச் சைக்கிள் பொண்ணு நான்தான்" என்றேன்.

பஸ் ஒரு கணம் மெதுவானது. பிறகு அவர் ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டிச் சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பு. "அடி என் தங்கச்சி! நீயா அது? ஏம்பா கண்டக்டரே, இவங்ககிட்ட டிக்கெட் வாங்காத, என்னிக்கும் வாங்காத! நம்ம ஊட்டுப் பொண்ணு!" இளம் டிரைவரும் சிரித்தார். பின்னால் இருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நான் இடது கையை எஞ்சின் பெட்டி மேல் வைத்தேன். "பள்ளத்துல உழுந்த பொண்ணும் நான்தான்."

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். மன்னிப்பு ஒன்று வரும் என்று நினைத்தேன். வந்தால் என்ன செய்வது என்றும் பயமாக இருந்தது.

"சரி உடு தங்கச்சி" என்றார். "ஒரு கையால தள்ளிவுட்ட, இன்னொரு கையால தூக்கிவுட்டுட்ட. நமக்குள்ள சரியாப் போச்சு."

தள்ளிவிட்டது யார்? வாயில் வந்தபடி திட்டியிருக்கலாம். பையில் இருந்து டிக்கெட்டுக்கு உண்டானதை எடுத்துக் கண்டக்டர் கையில் வைத்து, அவர் கிழித்துக் கொடுக்கிறவரை கையை நீட்டிக்கொண்டே இருந்தேன்.

சிதம்பரம் வண்டிகேட்டில் இறங்கினேன். மழை விட்டிருந்தது. பள்ளிக்குப் போக நான் சாலையைக் கடக்க வேண்டும். பஸ் கிளம்பத் தயாராக உறுமியது. பின்னால், கொஞ்ச தூரத்தில், அந்த இன்னொரு முதலாளியின் வண்டி தலை காட்டியது. நான் பஸ்ஸின் முன்னால் போய், சாலையின் நடுவில் நடந்தேன். குதிகாலை விரலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு அடியாக. சைக்கிள் இல்லை, நடக்கிறவள்தான். ஆனால் எனக்கு அந்தக் கலை மறக்கவில்லை.

ஹார்ன் அலறியது. காதுக்கு இரண்டு முழம் தூரத்தில் பாட்டின் பாதி. நான் நின்றேன். திரும்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன். நெற்றிக் குங்குமம், காதோர நரை, மெல்ல மெல்லச் சுருங்கிய சிரிப்பு, கடைசியில் நெளிந்த உதடு. பின்னால் வந்த வண்டி ஒடித்து எங்களைத் தாண்டிப் போய், அடுத்த நிறுத்தத்தில் கூட்டத்தை ஏற்றத் தொடங்கியது. அதுவரை நான் அங்கேதான் நின்றேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன். அதன்பின் கரும்பு சீசனில் இரண்டு முறை நெல்லிக்குப்பம் போனேன். ஆலைக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டும், ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டும் இருப்பார்கள். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு அந்த வரிசையின் கடைசிவரை நடந்தேன். எனக்கு அவர் குரல் தெரியும், முழங்கை தெரியும். முகம் மட்டும் தெரியாது.